விரல் நுனியில் நன்னூல்: தமிழ் விசைப்பலகையின் கதை



சென்ற மாதம் நான் இட்ட பதிவின் கீழே உங்களில் நாலைந்து பேர் ஒரே கேள்வியைக் கேட்டிருந்தீர்கள். "ஐயா, இவ்வளவு நீளமாகத் தமிழில் எப்படித் தட்டுகிறீர்கள்? கை வலிக்கவில்லையா?" அதில் மூன்று பேர் அந்தக் கேள்வியையே ஆங்கில எழுத்தில்தான் கேட்டிருந்தீர்கள்! கேட்ட அன்புக்கு நன்றி. ஒற்றை வரியில் சொல்லிவிடக்கூடிய பதில் இல்லை என்பதால் இன்று கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். காபியோடு உட்கார்ந்து படியுங்கள்.

நமக்கும் கணினிக்கும் நடுவில் ஒரு வாசல் இருக்கிறது. நாம் நினைப்பதை அதற்குள் அனுப்பும் வாசல். அந்த வாசலை யாரோ ஒருவர் எங்கோ உட்கார்ந்து வடிவமைத்திருக்கிறார். அதைத் தாழ்வாக அமைத்தால் நாம் குனிந்து போகவேண்டும். நம் உயரத்துக்கு அமைத்தால் நிமிர்ந்து போகலாம். தமிழுக்கு அந்த வாசல் எப்படி எப்படியெல்லாம் அமைந்தது என்பதுதான் இன்றைய பாடம்.

தட்டச்சுப் பொறியிலிருந்து தொடங்கவேண்டும். 1870-களில் அமெரிக்காவில் ஷோல்ஸ் என்பவர் உருவாக்கிய பொறியை ரெமிங்டன் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஆங்கிலத்துக்கு எழுத்து 26. சிறிய எழுத்து, பெரிய எழுத்து என்று இரண்டு வரிசை வைத்தாலும் 52-தான். நம் கதை அப்படியா? உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, ஆக 247. நான்காம் வகுப்பில் உங்களை எழுந்து நிற்கவைத்துக் கேட்ட கணக்கு, மறந்திருக்க மாட்டீர்கள். 247 எழுத்தையும் ஒரு பொறிக்குள் எப்படி அடக்குவது?

அதை அடக்கிக் காட்டியவர் இரா. முத்தையா. 1886-இல் யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில் பிறந்து, பிழைப்புக்காக மலாயா சென்று, சிங்கப்பூரில் வேலை பார்த்தவர். ஆங்கிலப் பொறியைத் தினமும் பார்த்துப் பார்த்து, தமிழுக்கு ஒன்று ஏன் இல்லை என்று யோசித்திருக்கிறார். நம் எழுத்துகளைத் துண்டு துண்டாகப் பிரித்தார். கொம்பு தனி, கால் தனி, புள்ளி தனி. பிரிக்க முடியாத கு, சு, டு, மு போன்றவற்றுக்கு மட்டும் தனித்தனி இடம் கொடுத்தார். 1930-களில் அவர் வடிவமைத்த பொறி ஜெர்மனியில் தயாராகி வந்தது. 'தமிழ்த் தட்டச்சின் தந்தை' என்று அவரைச் சொல்வது முற்றிலும் தகும்.

அந்தப் பொறியில் 'கொ' என்று அடிக்க வேண்டுமென்றால் முதலில் ஒற்றைக் கொம்பு, அடுத்து க, கடைசியில் கால். மூன்று தட்டு. காகிதத்தில் எழுத்து இடமிருந்து வலமாகத்தானே விழும்? கண்ணுக்கு எது முதலில் தெரிகிறதோ அதை முதலில் அடிக்கவேண்டும். பொறிக்கு வேறு வழி கிடையாது. முத்தையா செய்தது பெரிய சாதனை. ஆனால் இரும்புக்கு ஏற்றபடி மனிதன்தான் வளைந்துகொடுக்க வேண்டியிருந்தது.

வளைந்தும் கொடுத்தோம். எங்கள் தலைமுறையில் பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளைகள் கோடை விடுமுறையில் போகும் இடம் தட்டச்சுப் பயிலகம். லோயர், ஹையர் என்று இரண்டு தேர்வு. தெருவில் போனால் இருபது பொறிகளின் சடசடப்பு கேட்கும். உங்கள் அம்மா, சித்தி, அத்தை என்று எத்தனையோ பேர் அந்தச் சான்றிதழால் அரசு வேலைக்குப் போனார்கள். அந்த விரல் பழக்கம் பின்னால் கணினிக்குள்ளும் வந்து உட்கார்ந்துகொண்டது. அதைச் சற்று நேரத்தில் சொல்கிறேன்.

இடையில் நம் எழுத்தே கொஞ்சம் மாறியது. பெரியார் 1935-லேயே 'குடிஅரசு' இதழில் கைக்கொண்ட சீர்திருத்தத்தில் ணா, றா, னா, ணை, லை உள்ளிட்ட 13 எழுத்துகளின் வடிவத்தை 1978-இல் தமிழக அரசு ஏற்றுக்கொண்டது. என் பழைய மாணவர்களில் மூத்தவர்கள் 'லை'க்குத் தும்பிக்கை போட்டு எழுதியது நினைவிருக்கலாம். வடிவம் ஒழுங்கானதால் அச்சுக்கோப்பவருக்கும் வசதி, பொறிக்கும் வசதி.

1980-களில் கணினி வந்தது. அதில் தமிழைக் கொண்டுவந்தவர்களில் பெரும்பாலோர் தமிழ்நாட்டுக்கு வெளியே இருந்தவர்கள் என்பது கவனிக்க வேண்டிய செய்தி. கனடாவில் முனைவர் சீனிவாசன் 'ஆதமி' என்ற மென்பொருளை உருவாக்கினார். மலேசியாவில் முத்து நெடுமாறன் 'முரசு' செயலியை உருவாக்கினார். சுவிட்சர்லாந்தில் கல்யாணசுந்தரம் 'மயிலை' எழுத்துருவைச் செய்தார். சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி 'கணியன்' என்ற முறையை அமைத்தார். ஊரை விட்டுப் போனவனுக்குத்தான் வீட்டுக்குக் கடிதம் எழுதும் தவிப்பு அதிகம் போலும்.

ஆளுக்கொன்று செய்ததில் ஒரு சிக்கலும் வந்தது. இவர் எழுத்துருவில் எழுதியது அவர் கணினியில் தெரியாது. இலங்கைத் தமிழர் நிறையப் பயன்படுத்திய 'பாமினி' எழுத்துருவை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 'தமிழ்' என்று அடித்து அனுப்பினால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்று வந்து நிற்கும். ஏன் தெரியுமா? கணினியின் மனத்தில் அது தமிழாகவே இல்லை. ஆங்கில எழுத்துக்குத் தமிழ் முகமூடி போட்டிருந்தார்கள், அவ்வளவுதான். முகமூடி கழன்றால் உள்ளே ஜே, கே, பி. அதிலும் அதே பழைய தட்டச்சுப் பொறியின் வரிசைதான்: கொம்பு முதலில், க பிறகு. இரும்பு போய்விட்டது, உருளை போய்விட்டது, காகிதமே போய்விட்டது. ஆனாலும் விரல் மட்டும் இரும்புக்குப் பணிந்த பழக்கத்தை விடவில்லை.

இனி இந்தக் கதையின் நடுப்பகுதிக்கு வருகிறேன். மேலே சொன்ன நா. கோவிந்தசாமி ஒரு தமிழாசிரியர், எழுத்தாளர். பொறியியல் படித்தவர் அல்லர். சிங்கப்பூரில் ஆசிரியர்களை உருவாக்கும் தேசியக் கல்விக் கழகத்தில் விரிவுரையாளர். 1995-இல் சிங்கப்பூர்க் கவிதைகளுக்கான இணையத்தளத்தில் தமிழையும் ஏற்றிக் காட்டியவர். 1997-இல் 'தமிழ்நெட் 97' என்ற பெயரில் உலகெங்கும் சிதறிக் கிடந்த இந்த ஆர்வலர்களைச் சிங்கப்பூருக்கு அழைத்து ஒரே அறையில் உட்கார வைத்தவர். அடுத்த மாநாடு 1999 பிப்ரவரி 7, 8 தேதிகளில் சென்னையில் நடந்தது. அங்கே பிறந்ததுதான் 'தமிழ் 99' விசைப்பலகை. அதே ஆண்டு ஜூனில் அரசாணையும் வந்தது. ஆனால் அதற்கு முந்தைய மாதமே, மே மாதத்தில், கோவிந்தசாமி காலமாகிவிட்டார். ஒரு வாத்தியாராக எனக்கு அந்த இடத்தைக் கடக்கும்போதெல்லாம் தொண்டை அடைக்கும்.

தமிழ் 99-இல் அப்படி என்ன சிறப்பு? கையில் ஒரு விசைப்பலகை இருந்தால் எடுத்து வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலாவது, அதில் தமிழ் எழுத்துக்கான விசைகள் 31-தான். உயிர் 12, மெய்வரிசை 18, ஆய்தமும் புள்ளியுமாக ஒன்று. கிரந்த எழுத்துகள் ஷிப்ட் அழுத்தினால் வரும். 216 உயிர்மெய்க்கும் தனி விசையே இல்லை. தொல்காப்பியரும் நன்னூலாரும் முதலெழுத்து எத்தனை என்றார்கள்? முப்பது. நன்னூலார் உயிர்மெய்யைச் சார்பெழுத்தில்தானே வைத்தார்? மெய்யும் உயிரும் சேர்ந்து பிறப்பதற்கு எதற்குத் தனி விசை? அந்த இலக்கணக் கணக்கை அப்படியே விசைப்பலகையில் இறக்கி வைத்திருக்கிறார்கள். 'கொ' வேண்டுமா? க அழுத்தி ஒ அழுத்துங்கள். கரும்பலகையில் நான் எழுதிப் போட்ட 'க் + ஒ = கொ' இதுதான். கொம்பு எந்தப் பக்கம், கால் எந்தப் பக்கம் என்ற கவலையைக் கணினி பார்த்துக்கொள்ளும். கண் வரிசை போய்க் காது வரிசை வந்தது.

இரண்டாவது, உயிரெல்லாம் இடக்கையில், மெய்யில் பெரும்பாலானவை வலக்கையில். தமிழில் மெய்யும் உயிரும் மாறி மாறித்தான் வரும் என்பதால் இரண்டு கைகளும் மாறி மாறி உழைக்கும். ஒரு கை சோர்ந்துபோகாது. நடு வரிசையில் விரல் இயல்பாகத் தங்கும் இடத்தில் அ, இ, உ, எ. வலப்பக்கம் க, ப, ம, த, ந, ய. அடிக்கடி வருகிற எழுத்துக்கு விரலுக்குக் கீழேயே இடம். இன்னொரு அழகு: அ-வுக்கு நேர் மேலே ஆ, இ-க்கு மேலே ஈ, உ-வுக்கு மேலே ஊ, எ-வுக்கு மேலே ஏ. குறிலுக்கு மேலே அதன் நெடில்!

மூன்றாவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. சங்கு, பஞ்சு, வண்டு, பந்து, பாம்பு, கன்று. ஆறு சொல் சொன்னேன். ங்க, ஞ்ச, ண்ட, ந்த, ம்ப, ன்ற. ஒவ்வொன்றிலும் மெல்லினத்தை அடுத்து அதன் இனமான வல்லினம் வருகிறது. இனவெழுத்துப் பாடம் நினைவிருக்கிறதா? ங-வும் க-வும் அடிநாவில் பிறந்த உடன்பிறப்புகள், ம-வும் ப-வும் இதழில் பிறந்தவை என்று வாயைத் திறந்து காட்டி நடத்தினேனே! தமிழ் 99-இல் 'பந்து' அடிக்க ப, ந, த, உ. நாலே தட்டு. புள்ளியை நீங்கள் வைக்கவேண்டாம். ந-வை அடுத்துத் த வந்தால் இடையில் புள்ளி இருக்கும் என்று அந்த நிரலுக்குத் தெரியும். அதேபோல் ஒரே மெய் இரட்டித்தாலும் முதல் எழுத்துக்குத் தானே புள்ளி வந்துவிடும். 'அம்மா'வுக்கு அ, ம, ம, ஆ. 'அப்பா'வுக்கு அ, ப, ப, ஆ. விதிவிலக்கும் உண்டு. 'மமதை' என்று எழுத வேண்டுமானால் முதல் ம-வை அடுத்து அ-வை ஒருமுறை தட்டிவிட்டு அடுத்த ம-வுக்குப் போகவேண்டும். 'தானறிந்த' என்பதில் ன-வுக்கும் ற-வுக்கும் இடையிலும் அப்படியே. அதையும் யோசித்து வைத்திருக்கிறார்கள்.

போன விடுமுறையில் என் பேத்தி வந்திருந்தாள். ஆங்கிலவழிப் பள்ளி, இரண்டாம் மொழி தமிழ். எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாள். என் கைபேசியில் தமிழ் 99-ஐத் திறந்து அவள் கையில் கொடுத்தேன். தங்கம், பாட்டி, வண்டி என்று தட்டிக்கொண்டே இருந்தவள் திடீரென்று நிமிர்ந்து, "தாத்தா, நான் வைக்காமலே புள்ளி வந்துடுச்சு! அதுக்கு எப்படித் தெரியும்?" என்றாள். 34 ஆண்டு தமிழ் நடத்தியவன் நான். இனவெழுத்தைப் பற்றி எந்தப் பிள்ளையும் தானாக வந்து என்னிடம் இப்படிக் கேட்டதில்லை. அன்று அரைமணி நேரம் இருவரும் வாயைத் திறந்து திறந்து மூடி எழுத்துகளின் பிறப்பிடம் தேடினோம். பாட்டி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போய்விட்டாள்.

இவ்வளவு நல்ல விசைப்பலகை ஏன் எல்லார் கையிலும் இல்லை? எனக்குத் தெரிந்த காரணங்கள் மூன்று. கடையில் விற்ற விசைப்பலகைகளில் ஆங்கில எழுத்து மட்டுமே அச்சாகியிருந்தது. பார்த்துப் பழக வழியில்லை. அலுவலகங்களில் இருந்தவர்கள் லோயர், ஹையர் முடித்தவர்கள். பழகிய விரலை மாற்றிக்கொள்ளச் சொன்னால் யாருக்குத்தான் மனம் வரும்? அப்போதே 'அம்மா'வுக்கு ஏ, எம், எம், ஏ, ஏ என்று ஆங்கில ஒலிப்பில் அடிக்கும் முறையும் வந்துவிட்டது. முரசு அஞ்சல், அழகி, எ-கலப்பை என்று பல மென்பொருள்கள் அந்த வசதியைத் தந்தன. ஆங்கிலம் தெரிந்தவனுக்குப் பயிற்சியே தேவையில்லை.

அந்த முறையைப் பழிக்க எனக்கு வாய் வராது. அது இல்லாவிட்டால் வெளிநாட்டில் இருக்கும் எத்தனையோ பேர் தமிழில் ஒரு வரிகூடத் தட்டியிருக்க மாட்டார்கள். முத்து நெடுமாறனே 2005 பொங்கலையொட்டி 'செல்லினம்' என்ற செயலியைச் சிங்கப்பூரில் வெளியிட்டுக் கைபேசியிலும் தமிழைக் கொண்டுவந்தார். அதற்குள் எழுத்துருச் சண்டையும் ஓயத் தொடங்கியிருந்தது. 1991-இல் வந்த யூனிகோடில் தமிழுக்கும் இடம் கிடைத்தது. விண்டோஸ் 2000-இல் 'லதா' எழுத்துருவோடு அது நடைமுறைக்கு வந்தது. 2010-இல் கோவைச் செம்மொழி மாநாட்டை ஒட்டித் தமிழக அரசும் யூனிகோடை ஏற்றது. இன்று நீங்கள் எந்தக் கைபேசியில் படித்தாலும் இந்தப் பதிவு தமிழாகவே தெரிகிறதே, அது அவர்கள் எல்லாரும் சேர்ந்து போட்ட சாலை.

ஆனால் ஆங்கில ஒலிப்பு முறையில் ஒரு விலை இருக்கிறது. ந, ன, ண மூன்றுக்கும் ஆங்கிலத்தில் ஓர் 'என்'தான். ல, ள, ழ மூன்றுக்கும் நேராக இருப்பது ஓர் 'எல்'தான். அஞ்சல் முறையில் ந-வுக்கு டபிள்யூவையும் ழ-வுக்கு இசட்டையும் கொடுத்துச் சமாளித்தார்கள். கைபேசியில் அந்தச் சிரமமும் வேண்டாமென்று, நீங்கள் எதையோ தட்டினால் அது நாலு சொல்லை நீட்டுகிறது. கட்டைவிரல் முதல் சொல்லைத் தொட்டுவிட்டுப் போகிறது. ஒரு மாணவி எனக்கு "பல்லியில் இருக்கிறேன், மாலை பேசுகிறேன் ஐயா" என்று அனுப்பினாள். அவள் இருந்தது பள்ளியில், ஆசிரியையாக! சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் எது ல, எது ள என்று முடிவு செய்யும் வேலை நம் கையைவிட்டுப் போய்விட்டதே என்பதுதான் என் கவலை. அதற்கும் அடுத்த படியாக, தமிழ் எழுத்தே வேண்டாமென்று முழுதும் ஆங்கில எழுத்திலேயே தமிழ் பேசுகிற பிள்ளைகள் நம் குடும்பக் குழுவிலேயே இருக்கிறார்கள். அவர்கள் சோம்பேறிகள் இல்லை. கைபேசியைத் திறந்ததும் எந்த வாசல் தெரிகிறதோ அந்த வாசல் வழியாகப் போகிறார்கள். வாசலை வைத்தவர்கள் அங்கே வைத்தார்கள்.

இன்னொரு வாசலையும் சொல்லவேண்டும். ஊரில் என் அத்தைக்கு எழுதப் படிக்கத் தெரியாது. 2013-இல் வாட்ஸப்பில் குரல் செய்தி வந்த பிறகுதான் அவர் இந்தக் கருவிகளுக்குள்ளேயே வந்தார். ஒலிவாங்கிப் படத்தை அழுத்திப் பிடித்து, பேசி, விட்டுவிட வேண்டும். கடையில் மளிகைப் பட்டியல் சொல்வதுபோல் வெளியூர்ப் பேரனுக்கு அவர் குறை சொல்லும் அழகே தனி. 2017-இல் கூகுள் தமிழிலும் குரல்வழித் தட்டச்சைக் கொண்டுவந்தது. பேசினால் எழுதுகிறது. கண் மங்கிய என் வயதுக்காரர்களுக்கு அது பெரிய துணை. எழுத்தறியாத அத்தைக்குக் குரல் வாசல் திறந்தது எவ்வளவு நியாயமோ, எழுத்தறிந்த பிள்ளை எழுத்தை மறக்காமலிருக்க ஒரு வாசல் திறந்திருப்பதும் அவ்வளவு நியாயம். அந்த வாசல் 1999-லேயே கட்டி வைக்கப்பட்டிருக்கிறது. நாம்தான் பூட்டியே வைத்திருக்கிறோம்.

மொழி அழிந்துவிடும் என்று பயமுறுத்த நான் இதை எழுதவில்லை. தமிழ் பார்க்காத காலமா? ஓலையைப் பார்த்தது, கல்லைப் பார்த்தது, ஈய அச்சைப் பார்த்தது, இரும்புப் பொறியையும் பார்த்தது. ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவர் உட்கார்ந்து, 'இந்தக் கருவிக்கு நம் மொழியை எப்படிக் கற்றுக்கொடுப்பது' என்று யோசித்திருக்கிறார். சுண்டிக்குளியில் பிறந்து சிங்கப்பூரில் வேலை பார்த்த ஒருவர், தமிழ் நடத்திய ஓர் ஆசிரியர், வேலை முடிந்து இரவில் நிரல் எழுதிய எத்தனையோ பேர். உங்களிலும் மென்பொருள் துறையில் இருப்பவர்கள் நாற்பது ஐம்பது பேர் இருப்பீர்கள். நீங்கள் வடிவமைக்கும் திரையில் ஒரு பாட்டி எங்கே தொடுவாள், ஒரு ஏழு வயதுக் குழந்தை எந்த எழுத்தைத் தேடும் என்று ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். நன்னூலை உங்களுக்கு நான் மதிப்பெண்ணுக்காக நடத்தியிருக்கலாம். அது ஒரு நல்ல பொறியாளனின் கையேடாகவும் இருக்க முடியும் என்பதற்குத் தமிழ் 99 சாட்சி.

சரி, ஆசிரியர் என்றால் வீட்டுப்பாடம் இல்லாமல் விடுவாரா?

கைபேசியில் செல்லினத்தை நிறுவித் தமிழ் 99-ஐத் தேர்ந்தெடுங்கள். கணினி என்றால் மொழி அமைப்பில் போய்ச் சேர்த்துக்கொள்ளுங்கள். முதல் நாள் எரிச்சல் வரும், இரண்டாம் நாள் எழுத்தைத் தேடிக் கண் அலையும். ஒரு வாரம் பொறுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் அவர்களிடம் கொடுத்து 'தங்கம்' என்று அடிக்கச் சொல்லுங்கள். புள்ளி எப்படி வந்தது என்று அவர்கள் கேட்கும்போது பதில் தெரியவில்லை என்றால் என்னைக் கூப்பிடுங்கள், எந்த நேரமானாலும் எடுப்பேன்.

அடுத்த ஞாயிறு உங்கள் பதிலை இந்தப் பதிவின் கீழே எதிர்பார்க்கிறேன். ஒரு வரி போதும். எழுத்துப்பிழை இருந்தாலும் மதிப்பெண் குறைக்கமாட்டேன். ஆனால் தமிழ் எழுத்தில் இருக்கவேண்டும்.

அன்புடன்,
உங்கள் தமிழையா